மகரந்தக் காலம் வந்தாலே மூக்கடைப்பு: நாலு வருஷமா மாத்திரை மாத்தியும் தீரல, எங்கே தப்பு பண்றேன்?

காலைநடை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நாலு வருஷமா புல் பூக்கும் பருவம் தொடங்கினதும் எனக்கு இதே நிலைமை. காலையில் கண் விழிச்சதும் தொடர்ந்து பத்துப் பதினைந்து தும்மல். மேலண்ணம் அரிக்கும், காதுக்குள்ளே அரிக்கும், கண்ணைக் கசக்காம இருக்க முடியாது. பகல்ல மூக்கு ஒழுகும், ராத்திரி அடைச்சுக்கும். காய்ச்சல் கிடையாது, உடம்புவலி கிடையாது. ஆறேழு வாரம் இப்படியே போய், பருவம் முடிஞ்சதும் தானா நின்னுடும்.

மாத்திரையில் குளோர்பெனிரமின், செட்டிரிசின், லோரடடின்னு மூணையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாச்சு. ரொம்ப முடியாத நாள்ல மட்டும்தான் போடுவேன். தினமும் போட்டா உடம்பு பழகிடும்னு பயம். மாத்திரைக்குத் தும்மல் கொஞ்சம் குறையும், அடைப்பு மட்டும் அசையாது. அதனால ராத்திரிக்கு மருந்துக்கடையில் ஆக்ஸிமெட்டசோலின் ஸ்ப்ரே வாங்கினேன். அடிச்ச அஞ்சு நிமிஷத்துல மூக்கு திறந்துடுச்சு. முதல் வாரம் நிம்மதியா தூங்கினேன். இப்போ ஏழு வாரம் ஆச்சு. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை அடிக்காம மூச்சே விட முடியல. பாட்டிலை தலையணைக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் படுக்குறேன்.

அலர்ஜி முத்திடுச்சா? மாத்திரை வேலை செய்யாம போயிடுச்சா? ஸ்டீராய்டு ஸ்ப்ரேன்னு ஒண்ணு இருக்காமே, ஆனா ஸ்டீராய்டுன்னாலே எனக்குப் பயமா இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

நூல்கண்டு

நீங்க சொல்ற அறிகுறியில் அரிப்புதான் முக்கியமான தடயம். சளிக்கு மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல தீரும். அண்ணமும் காதும் கண்ணும் சேர்ந்து அரிச்சா, அதுவும் வருஷா வருஷம் அதே பருவத்துல வந்தா, அது பெரும்பாலும் மகரந்தம்தான். மூக்குச்சளி மஞ்சளா கெட்டியா மாறி, ஒரு பக்கக் கன்னமோ நெற்றியோ வலிச்சா மட்டும் வேற கதை. அப்போ மருத்துவர் பார்க்கணும். உங்களுக்கு அப்படி இல்லைன்னு நினைக்கிறேன்.

ஸ்ப்ரே பத்தி மருந்துமேசை வந்து சொல்றதுதான் சரி. அவர் இருக்காரான்னு பாருங்க.

---

மருந்துமேசை

வந்துவிட்டேன். பதினெட்டு வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். மகரந்தப் பருவத்தில் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று நான் அதிகம் பார்க்கும் சிக்கல் நீங்கள் எழுதியிருப்பதுதான்.

காலைநடை, உங்கள் அலர்ஜி முற்றவில்லை. இப்போது உங்கள் மூக்கை அடைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு அந்த ஸ்ப்ரேயினுடையது.

மூக்குக்குள் பக்கச்சுவரில் மெத்தை போன்ற சதைமடிப்புகள் உண்டு. உள்ளே ரத்தக்குழாய்கள் நிறைந்தவை. ரத்தம் நிறைந்து அவை உப்பும்போது காற்றுப் பாதை குறுகும். மூக்கடைப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த உப்பலைத்தான், சளி அடைப்பதை அல்ல. ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் இரண்டும் அந்தக் குழாய்களைப் பிடித்துச் சுருக்கும். அதனால்தான் அஞ்சு நிமிடத்தில் திறக்கிறது. ஆனால் சில நாட்கள் தொடர்ந்தால் சதை அதற்குப் பழகிவிடும். மருந்தின் வேகம் குறைந்ததும் முன்பைவிட அதிகமாக உப்பும். அதை அடக்க மறுபடி அடிப்பீர்கள், அது மறுபடி உப்பும். ஆக்ஸிமெட்டசோலின் பெட்டியில் 3 நாளுக்கு மேல் வேண்டாம் என்று போட்டிருப்பது இதற்காகத்தான். எழுத்து பொடியாக இருப்பதால் யாரும் படிப்பதில்லை. அதனால் நான் விற்கும்போதே வாயால் சொல்லிவிடுவேன்.

வெளியே வர வழி உண்டு, பயப்படாதீர்கள். நான் பார்த்தவரை பலருக்குக் கைகொடுத்த முறை இது: ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயை இன்றே இரண்டு பக்கமும் ஆரம்பியுங்கள். பழைய ஸ்ப்ரேயை முதலில் ஒரு பக்க மூக்கில் மட்டும் அடியோடு நிறுத்துங்கள், மறுபக்கம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். நிறுத்திய பக்கம் திறக்க ஆரம்பித்ததும் மறுபக்கமும் நிறுத்துங்கள். நடுவில் நாலைந்து ராத்திரி கஷ்டமாகத்தான் இருக்கும். தலையணையை உயர்த்திக்கொள்ளுங்கள், உப்புநீர் அடியுங்கள். இரண்டு வாரத்தில் நிலைமை மாறவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இப்போது ஸ்டீராய்டு பயத்துக்கு வருகிறேன். மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டையும் மூக்கில் அடிப்பதையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரேயில் ஒரு அடிப்புக்கு 50 மைக்ரோகிராம். ஒரு மூக்குக்கு 2 அடிப்பு என்றாலும் நாளுக்கு மொத்தம் 200 மைக்ரோகிராம்தான், ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் ஃப்ளூட்டிகசோன் புரோபியோனேட் ரத்தத்தில் கலப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு, மொமெட்டசோன் 1 சதவீதத்துக்கும் குறைவு. மருந்து மூக்கிலேயே வேலையை முடித்துக்கொள்கிறது. கண்நீர் அழுத்தம், கண்புரை உள்ளவர்கள் மட்டும் கண் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

மூக்கடைப்பு முதன்மையாக இருப்பவருக்கு, இன்று கையில் இருப்பவற்றில் இதுதான் சிறந்த மருந்து. மாத்திரை தும்மலுக்கும் அரிப்புக்கும் ஒழுகலுக்கும் நன்றாகக் கேட்கும், அடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. நீங்கள் மூன்று மாத்திரையை மாற்றியும் அடைப்பு அசையாததற்குக் காரணம் அது.

---

தென்றல்வீடு

இவ்வளவு ரசாயனம் எதுக்கு? சுத்துவட்டாரத்துத் தேனை தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டா அந்த ஊர் மகரந்தம் உடம்புக்குப் பழகிடும், அலர்ஜி போயிடும்னு சொல்றாங்க. என் சித்தி ரெண்டு வருஷமா சாப்பிடுறாங்க, குறைஞ்சிருக்குன்னுதான் சொல்றாங்க.

---

நூல்கண்டு

தென்றல்வீடு, சித்திக்குக் குறைஞ்சிருந்தா சந்தோஷம்தான். ஆனா தேன் காரணமா இருக்க வாய்ப்புக் குறைவுன்னு ஏன் நினைக்கிறேன்னா, தேனீ போறது நிறமும் மணமும் உள்ள பூவுக்கு. அந்த மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, தேனீ காலில் ஒட்டிக்கிட்டுப் போறதுக்குன்னே ஆனது. நம்மைத் தும்ம வைக்கிறது அது இல்ல. புல், பிர்ச், ராக்வீட் மாதிரி காற்றை நம்பி இனப்பெருக்கம் செய்யும் செடிகளோட மகரந்தம்தான் நம்ம மூக்குக்கு வருது. அதுங்களோட பூ கண்ணுக்கே தெரியாது, நிறமும் கிடையாது, அதனால யாரும் சந்தேகப்படறதில்ல. பக்கத்துல பளிச்சுனு பூத்திருக்கும் செடி மேல பழி விழும். பாவம், அதை வெட்டிப் போட்டவங்களை எனக்குத் தெரியும். வெட்டியும் தும்மல் நிக்கல.

இதைக் கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1819ல் ஜான் பாஸ்டாக்னு இங்கிலாந்து மருத்துவர் தனக்கே வருஷா வருஷம் வரும் இந்த நோயைப் பத்தி முதல்ல விளக்கமா எழுதினார். ஆனா அவர் கோடை வெயில்தான் காரணம்னு நினைச்சார். அதுக்கு அரை நூற்றாண்டு கழிச்சு சார்லஸ் பிளாக்லீன்னு இன்னொரு மருத்துவர், அவருக்கும் இதே நோய், புல் மகரந்தத்தைத் தன் மூக்குலயும் தோல்லயும் தானே வெச்சுப் பாத்து நிரூபிச்சார். ஒட்டும் பூச்சு தடவின கண்ணாடித் துண்டைப் பட்டத்துல கட்டி மேலே அனுப்பி, உயரத்துலயும் மகரந்தம் மிதக்குதுன்னு காட்டினார். அதையெல்லாம் 1873ல் வெளியிட்டார். தும்மிக்கிட்டே ஆராய்ச்சி செஞ்ச மனுஷன்.

உங்க யோசனையில் ஒரு உண்மை இருக்கு. மகரந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை நிஜமாவே உண்டு. 1911ல் லண்டன்ல லெனார்ட் நூன் புல் மகரந்தச் சாறை ஊசியா போட்டுத் தொடங்கினது. இப்போ நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாவும் வந்திருக்கு. ஆனா சரியான மகரந்தம், அளந்த அளவு, மருத்துவர் மேற்பார்வை, 3 முதல் 5 வருஷம்னு அது வேற வழி.

---

தென்றல்வீடு

விளக்கத்துக்கு நன்றி. காற்றில் வருவது வேற மகரந்தம்னு இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்ல. சித்திகிட்டயும் சொல்றேன். ஆவி பிடிக்கிறதாவது சரியா?

---

மருந்துமேசை

கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், தவறில்லை. ஆனால் அலர்ஜியை அது தொடாது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதிலும் குழந்தைகளை. அதனால் பிள்ளைகளுக்கு நான் சொல்வதே இல்லை. மென்தால் தைலமும் அப்படித்தான்: மூக்கு திறந்தது போன்ற குளிர்ச்சியை உணர வைக்கும், உண்மையில் காற்றுப் பாதை அகலாது.

---

ஓட்டக்காரன்

நான் தினமும் வெளியில் ஓடுறவன். ஓட்டத்தை விட மனசில்லாம, என்னென்ன செஞ்சா மகரந்தத்தைக் குறைக்கலாம்னு மூணு பருவமா கவனிச்சு எழுதி வெச்சிருக்கேன்.

எனக்கு அதிகமா உதவினது ராத்திரி குளியல். காலையில் குளிச்சுட்டுப் போய் நாளெல்லாம் தலைமுடியில் மகரந்தத்தைச் சேர்த்துக்கிட்டு வந்து, அதே தலையைத் தலையணையில் வெச்சு எட்டு மணி நேரம் அதையே மூச்சில் இழுத்துக்கிட்டு இருந்திருக்கேன். இது புரியவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்போ வெளியில் இருந்து வந்ததும் துணியைப் படுக்கையறைக்கு வெளியிலேயே கழட்டிடுவேன். தலை அலசாம படுக்கிறதில்ல. காலைத் தும்மல் பாதியா குறைஞ்சது.

ரெண்டாவது, துணி காயவைக்கிறது. வெளியில் காயும் படுக்கை விரிப்பு மகரந்தத்தைப் பிடிக்கும் வலை மாதிரி. பருவம் முடியும்வரை விரிப்பும் தலையணை உறையும் வீட்டுக்குள்ளதான் காயணும்.

மகரந்தம் காற்றில் அதிகமா இருக்கும் நேரத்தில் ஜன்னலை மூடி வைக்கணும். அந்த நேரம் செடிக்குச் செடி, இடத்துக்கு இடம் மாறும். காலையில் புல் மகரந்தத்தை விடும், அது காற்றில் ஏறிப் பரவி சாயங்காலம் குளிரும்போது மறுபடி கீழே இறங்கும். அதனால "அதிகாலை மட்டும்தான் ஆபத்து"ன்னு ஒரே விதியை நம்பாதீங்க. உங்க பகுதிக்கு மகரந்த முன்னறிவிப்பு இருந்தா அதைப் பாருங்க, இல்லாட்டி தும்மின நேரத்தைப் பத்து நாள் குறிச்சு வையுங்க. வறண்ட, காற்றடிக்கும் நாள் மோசம். சீரான மழை பெஞ்சு முடிஞ்ச நேரம் எனக்கு ஓடறதுக்கு அருமையான நேரம்.

கார்ல ஏசியை உள்காற்றே சுத்தும்படி வையுங்க. கண்ணை முழுசா மறைக்கிற கண்ணாடி போடுங்க. வீட்டு நாய் பூனை வெளியில் போய் வந்தா ஈரத்துணியால துடைச்சுட்டு உள்ளே விடுங்க, அவங்க ரோமத்துலயும் மகரந்தம் ஏறும். காற்று சுத்திகரிக்கும் கருவி வாங்கறதா இருந்தா ஹெப்பா ஃபில்டர் உள்ளதா பாருங்க, படுக்கையறையில் வையுங்க. மகரந்தத்துணுக்கு பெருசு, சீக்கிரம் தரையில் படிஞ்சுடும். அதனால ஈரத்துணியால தரை துடைக்கிறதை ஹெப்பாவை நம்பி விட்டுடாதீங்க.

---

இரட்டைக்குயில்

என் மகளுக்கு 7 வயசு. இதே தொல்லைதான், மூக்கைத் தேய்ச்சுத் தேய்ச்சு மேலே கோடு விழுந்திருக்கு. வீட்டுல பெரியவங்க குளோர்பெனிரமின் சிரப் கொடுக்கச் சொல்றாங்க. "நல்லா தூங்குவா, தூங்கினா சரியாகிடும்"னு. கொடுத்த மறுநாள் வகுப்பில் தூங்கி வழியறான்னு ஆசிரியை சொல்லி அனுப்பினாங்க. இன்னொரு நாள் அதே மருந்துக்கு தூங்காம குதிச்சுக்கிட்டே இருந்தா. என்ன செய்யறது?

---

மருந்துமேசை

அம்மா, நீங்கள் பார்த்த இரண்டுமே அந்த மருந்தின் குணம். குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் முதலியவை பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்கள், அதாவது அலர்ஜியின்போது உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகள். மூளைக்குள் நுழைந்துவிடும். பெரும்பாலோருக்குத் தூக்கம் வரும், சில குழந்தைகளுக்கு நேர்மாறாகப் பரபரப்பு வரும். அந்தத் தூக்கம் நல்ல தூக்கமும் அல்ல. மறுநாள் கவனம், படிப்பு, பெரியவர்களுக்கு வண்டி ஓட்டுவது எல்லாவற்றையும் கெடுக்கும். "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று நினைப்பவருக்கும் அனிச்சைச் செயல் மெதுவாகியிருக்கலாம். அலர்ஜிக்குத் தினசரி மருந்தாக இவற்றை இன்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

இரண்டாம் தலைமுறையில் செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் உள்ளன. இவற்றில் செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் 100ல் சுமார் 14 பேருக்குத் தூக்கக் கலக்கம் இருந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 6 பேர். ராத்திரி போட்டுக்கொண்டால் பலருக்குச் சரியாகும். லோரடடினுக்குத் தூக்கம் குறைவு, ஃபெக்ஸோஃபெனடினுக்கு மிகமிகக் குறைவு. ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரோடு மட்டும் போடுங்கள். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் சாறோடு விழுங்கினால் உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும். அலுமினியம், மக்னீசியம் கலந்த அமிலநீக்கி மருந்தையும் அதோடு சேர்த்து எடுக்காதீர்கள். "எனக்கு அது வேலையே செய்யலை" என்று வந்த ஒருவர் தினமும் காலை பழச்சாறில்தான் விழுங்கிக்கொண்டிருந்தார்.

மகளுக்கான அளவை இங்கே எழுத மாட்டேன். எடையும் வயதும் பார்த்து அவளுடைய மருத்துவர் சொல்லட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சமையலறை ஸ்பூனால் ஊற்றாமல் மருந்தோடு வரும் அளவுகோப்பையாலோ சிரிஞ்சாலோ கொடுங்கள். மூக்கு ஸ்ப்ரே கொடுக்கச் சொன்னால் வருடம் முழுக்கத் தொடராமல் பருவத்துக்கு மட்டும், குறைந்த அளவில் கொடுங்கள். நீண்ட நாள் எடுக்கும் குழந்தைகளின் உயரத்தை அவ்வப்போது அளந்து பார்க்கச் சொல்வது வழக்கம்.

---

நீலவானம்

இதைப் படிச்சதும் என் அப்பாவுக்கு நடந்ததை எழுதணும்னு தோணுச்சு. அவருக்கு 71 வயசு. போன பருவத்தில் தும்மலும் ஒழுகலும் அதிகமாச்சு. அவரே போய் "சளி, அலர்ஜி எல்லாத்துக்கும்"னு ஒரு கூட்டு மாத்திரை வாங்கி வந்து ரெண்டு நாள் போட்டார். மூணாம் நாள் காலையில் சிறுநீர் வரல. வயிறு உப்பி, வலியில் துடிச்சுட்டார். மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் குழாய் போட்டு எடுத்தாங்க. அவருக்கு ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கம் உண்டு. அந்த மாத்திரையில் தூக்கம் தரும் ஆன்டிஹிஸ்டமினும், மூக்கடைப்பைக் குறைக்கும் சூடோஎஃபெட்ரினும் சேர்ந்து இருந்திருக்கு. ரெண்டுமே அவருக்கு ஆகாது. கடையில் யாரும் ஒரு கேள்வியும் கேக்கல. வீட்டில் நானும் பெட்டியைத் திருப்பிப் பாக்கல. அந்தக் காலைப்பொழுதை இன்னும் என்னால மறக்க முடியல.

தயவு செஞ்சு வீட்டுல வயசானவங்க இருந்தா அவங்க வாங்கி வர்ற பெட்டியைப் படிச்சுப் பாருங்க.

---

மருந்துமேசை

அப்பா நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். உங்கள் பதிவைக் கவுன்டரில் ஒட்டி வைக்க வேண்டும் போலிருக்கிறது.

புராஸ்டேட் வீக்கம், கண்நீர் அழுத்தம், உயர் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கூட்டு மாத்திரையைத் தாங்களாக வாங்கவே கூடாது. சூடோஎஃபெட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். சில கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமாலும் இருக்கும். தெரியாமல் தனியாக இன்னொரு பாராசிட்டமாலும் போட்டால் அளவு மீறிவிடும். அடைப்புக்கென்று ஃபினைலெஃப்ரின் சேர்த்த மாத்திரைகளும் நிறைய உண்டு. வாய்வழியாக எடுக்கும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்குப் பலன் தருவதில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

எந்த அறிகுறிக்கு மருந்து வேண்டுமோ அதற்கான ஒற்றை மருந்தை வாங்குங்கள். இரண்டு ஆன்டிஹிஸ்டமினைச் சேர்த்துப் போடாதீர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

---

காலைநடை

எல்லாருக்கும் நன்றி. நீலவானம், அப்பாவுக்கு இனி அப்படி நடக்கக்கூடாது.

நான் ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே வாங்கி நாலு நாள் ஆச்சு. பழைய ஸ்ப்ரேயை வலது பக்கம் நிறுத்திட்டேன். முதல் ரெண்டு ராத்திரி உட்கார்ந்தேதான் தூங்கினேன். ஆனா ரெண்டு சந்தேகம். அடிச்சதும் மருந்து தொண்டையில் இறங்குது, கசக்குது. நேத்து இடது பக்கம் லேசா ரத்தமும் வந்தது. நிறுத்திடவா?

---

மருந்துமேசை

நிறுத்த வேண்டாம். அடிக்கும் விதத்தை மாற்றினால் பெரும்பாலும் இரண்டும் போகும். நீங்கள் தலையை அண்ணாந்து வைத்து, வலது கையால் வலது மூக்கில், முனையை நேர் மேலே பார்த்து அடித்து, பலமாக உறிஞ்சுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

முதலில் மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். பாட்டிலைக் குலுக்குங்கள். புதுப் பாட்டில் என்றாலோ சில நாள் தொடாமல் இருந்தாலோ சீரான புகைத்தூறல் வரும்வரை காற்றில் அடியுங்கள். தலையைச் சற்று முன்னால் குனிந்து, கால் விரலைப் பார்ப்பது போல் வையுங்கள். இடது கையால் பாட்டிலைப் பிடித்து வலது மூக்கில் முனையை நுழையுங்கள். முனை அதே பக்கத்துக் காதை நோக்கி, கண்ணின் வெளியோரத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். எதிர்க்கை பிடித்தால் அந்தச் சாய்வு தானாக வரும். அடிக்கும்போது ஒரு பூவை முகர்வது போல மெல்ல இழுத்தால் போதும். பலமாக உறிஞ்சினால் மருந்து மூக்கைத் தாண்டித் தொண்டைக்குப் போய்விடும். பிறகு இடது மூக்குக்கு வலது கை.

ரத்தம் வருவதற்குக் காரணம் முனை மூக்கின் நடுச்சுவரைப் பார்த்திருப்பது. அங்கே தோல் மெல்லியது, குழாய்கள் மேலாக ஓடுகின்றன. இடது பக்கத்துக்கு ஓரிரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டுச் சாய்வை மாற்றி ஆரம்பியுங்கள். மறுபடி மறுபடி வந்தால், அல்லது புண் ஆறாவிட்டால், மருத்துவர் உள்ளே பார்க்க வேண்டும்.

இன்னொன்று: நாலு நாளில் தீர்ப்பு எழுதாதீர்கள். சிலருக்கு அரை நாளிலேயே கொஞ்சம் தெரியும், முழுப் பலனுக்கு 2 வாரம் வரை ஆகலாம். தினமும் அடிக்க வேண்டும். முடியாத நாளில் மட்டும் அடித்தால் இந்த மருந்து ஏமாற்றிவிடும். இதற்கு உடம்பு பழகி மருந்து தோற்றுப்போகாது. "பழகிவிடும்" என்ற உங்கள் பயம் நியாயமானதுதான், ஆனால் பயப்பட வேண்டிய பாட்டில் அது அல்ல. அந்தப் பயத்தில் நீங்கள் விட்டுவிட்டு எடுத்ததுதான் மாத்திரைகளும் சரியாகக் கேட்காமல் போனதற்கு ஒரு காரணம். மகரந்தம் வந்து ஹிஸ்டமின் கொட்டிய பிறகு மாத்திரை போடுவது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது போல.

---

இரட்டைக்குயில்

எதிர்க்கை விஷயம் எனக்கும் புதுசு. இத்தனை வருஷம் நானும் நேர் மேலேதான் அடிச்சேன். கண் அரிப்புக்குத் தனியா ஏதாவது இருக்கா?

---

நூல்கண்டு

கீட்டோடிஃபென், ஓலோபட்டடின் சொட்டு மருந்துகள் இருக்கு, அரிப்புக்கு நல்லா கேக்கும். சில நாட்டுல மருத்துவர் சீட்டு வேணும். காண்டாக்ட் லென்ஸ் போடுறவங்க சொட்டு விட்டு 10 நிமிஷமாவது கழிச்சுத்தான் லென்ஸ் போடணும். பருவம் முடியும்வரை லென்ஸை விட்டுக் கண்ணாடிக்கு மாறினா இன்னும் நல்லது. "சிவப்பு போகும்"னு விக்கிற சொட்டு மருந்தை மட்டும் தொடர்ந்து விடாதீங்க, காலைநடை மூக்குக்கு நடந்தது உங்க கண்ணுக்கு நடக்கும். குளிர்ந்த ஈரத்துணியைக் கண்மேல வெச்சா உடனே இதமா இருக்கும்.

---

ஓட்டக்காரன்

உப்புநீர்ல மூக்கு கழுவறதை யாரும் விரிவா சொல்லல. எனக்கு ஓடிட்டு வந்ததும் அதுதான் முதல் வேலை. குழாய்த் தண்ணியில் உப்பு கலந்து கழுவறேன், நல்லாவே இருக்கு.

---

மருந்துமேசை

ஓட்டக்காரன், கழுவுவது மிக நல்ல பழக்கம். குழாய்த் தண்ணீரை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குடிக்கப் பாதுகாப்பான தண்ணீர் மூக்குக்கும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. நெக்ளீரியா ஃபவுலெரி என்ற அமீபா வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கின் உச்சிக்குப் போனால் முகர்வு நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். 2011ல் அமெரிக்காவின் லூசியானாவில் இரண்டு பேர் குழாய்த் தண்ணீரில் மூக்கைக் கழுவியதால் இப்படி இறந்தார்கள். மிகமிக அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பவர் மிகச் சிலர். தவிர்ப்பதோ மிக எளிது: தண்ணீரை நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விட்டு (2000 மீட்டருக்கு மேல் உயரமான மலைப்பகுதியில் 3 நிமிடம்) ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். அல்லது டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

உப்பின் அளவு ஒரு லிட்டருக்கு 9 கிராம். கால் லிட்டருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல். அயோடின் சேர்க்காத உப்பு எரியாது, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் இன்னும் மென்மையாக இருக்கும். வெதுவெதுப்பாக இருக்கட்டும். குனிந்து தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல்பக்க மூக்கில் ஊற்றினால் கீழ்ப்பக்க மூக்கு வழியே வெளியேறும். குடுவையை ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவையுங்கள். ஸ்டீராய்டு ஸ்ப்ரே அடிப்பவர்கள் முதலில் கழுவிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து அடியுங்கள். தலைகீழாகச் செய்தால் மருந்தைக் கழுவித் தொட்டியில் விட்டுவிடுவீர்கள்.

---

ஓட்டக்காரன்

இன்னைக்கே மாத்திடறேன். சொன்னதுக்கு ரொம்ப நன்றி.

ஒரு கேள்வி. போன வாரம் இடியோட மழை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஓடினப்போ நெஞ்சு இறுகின மாதிரி, மூச்சு விடும்போது விசில் சத்தம் மாதிரி வந்தது. அரை மணியில் சரியாகிடுச்சு. இதுவும் அலர்ஜிதானா?

---

மருந்துமேசை

இதை இங்கே பேசித் தீர்க்காதீர்கள். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், மூச்சு அளவுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மூக்கும் நுரையீரலும் ஒரே பாதை. மூக்கில் மகரந்த அலர்ஜி உள்ளவர்களில் பலருக்கு ஆஸ்துமாவும் மறைந்திருக்கும்.

நீங்கள் மழை நல்லது என்று எழுதியது சீரான மழைக்குச் சரி. இடிமழை வேறு. புல் மகரந்தம் ஈரத்தில் வெடித்து நூற்றுக்கணக்கான நுண்துகளாகும். முழு மகரந்தம் மூக்கோடு நின்றுவிடும், இந்தத் துகள் நுரையீரலின் ஆழம்வரை போகும். இடிமழைக்கு முன் வீசும் காற்று இவற்றைத் தரைமட்டத்துக்கு அள்ளிக்கொண்டு வரும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2016 நவம்பர் 21 அன்று மாலை இப்படி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்றே யாரும் சொன்னதில்லை. வெறும் மூக்கு அலர்ஜிதான் இருந்தது.

புல் பூக்கும் பருவத்தில் இடிமழை வரும்போல் இருந்தால் உள்ளே வந்து ஜன்னலைச் சாத்துங்கள். பேச முடியாத அளவு மூச்சுத்திணறினாலோ உதடு நீலமானாலோ உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

---

ஓட்டக்காரன் (9 நாள் கழித்து)

போய்ப் பார்த்தேன். லேசான ஆஸ்துமான்னு சொன்னாங்க. இன்ஹேலர் கொடுத்திருக்காங்க. அலர்ஜிக்கான தோல் பரிசோதனைக்கும் தேதி கொடுத்தாங்க, அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையை நிறுத்தணுமாம், இல்லாட்டி முடிவு தப்பா வருமாம். மருந்துமேசை, நீங்க விரட்டலைன்னா நான் போயிருக்க மாட்டேன்.

---

தென்றல்வீடு

சித்தி மூணு வருஷமா தினமும் செட்டிரிசின் போடுறாங்களாம், தேனோட சேர்த்து! எனக்கே இப்பதான் தெரியும். போன வாரம் சட்டுனு நிறுத்தினதும் உடம்பெல்லாம் தாங்க முடியாத அரிப்பு. பயந்துட்டாங்க.

---

மருந்துமேசை

செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் இரண்டையும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தினமும் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் சிலருக்குக் கடும் அரிப்பு வரும். அரிதானது, ஆனால் உண்மை. 2025 மேயில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கென்றே எச்சரிக்கை விடுத்தது. மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள், மறுபடி ஆரம்பித்து மெதுவாகக் குறைக்க வழி சொல்வார். பருவத்துக்கு மட்டும் சில வாரங்கள் எடுப்பவர்கள் இதை நினைத்துக் கலங்க வேண்டாம்.

---

காலைநடை (5 வாரம் கழித்து)

சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன். வலது மூக்கு எட்டாம் நாள் திறந்தது. இடது பக்கமும் பழைய ஸ்ப்ரேயை நிறுத்தி மூணு வாரம் ஆச்சு. பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டேன். தினமும் ராத்திரி தலைக்குக் குளிக்கிறேன், கழுவறேன், பத்து நிமிஷம் கழிச்சு எதிர்க்கையால அடிக்கிறேன். ரத்தம் அதுக்கப்புறம் வரல. காலையில் ரெண்டு மூணு தும்மல் இருக்கு, அவ்வளவுதான்.

அடுத்த வருஷத்துக்கு எப்போ ஆரம்பிக்கணும்?

---

மருந்துமேசை

உங்களுக்குத் தும்மல் ஆரம்பிக்கும் தேதி வழக்கமாக எதுவோ, அதற்கு 2 வாரம் முன்னால் ஸ்ப்ரேயை ஆரம்பியுங்கள். இந்த வருடம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று இப்போதே குறித்து வையுங்கள்.

---

காலைநடை

குறிச்சாச்சு. போனிலும் நாள்காட்டியிலும் போட்டுட்டேன்.